கொடிநாளுக்கு முப்படைக் கொடி ஏத்தலாமா? எந்தக் கொடி சரி, என்ன அளவு, என்ன சட்டம்

நாங்குனேரிக்காரன்:
டிசம்பர் 7 கொடிநாள் வருது. எங்க ஊர் முன்னாள் படைவீரர் சங்கத்து முன்னால 20 அடிக் கம்பம் ஒண்ணு இருக்கு, அதுல தேசியக்கொடி ஏத்துவோம். இந்த வருஷம் பக்கத்துலயே மூணு கம்பம் நட்டு தரைப்படை, கடற்படை, விமானப்படைக் கொடியும் ஏத்தணும்னு கூட்டத்துல பேச்சு. பிளக்ஸ் கடையில படத்தைக் கொடுத்தா துணியில அச்சடிச்சுத் தாரோம்னு சொல்லுதாங்க. கடற்படைக் கொடின்னு தேடினா நாலஞ்சு விதமா படம் வருது. எது சரி? மூணு கொடிக்கும் வரிசை என்ன? சட்டப்படி நாம ஏத்தலாமா? தெரிஞ்ச அண்ணாச்சிமார் சொல்லுங்க.

வெள்ளைக்கொடி:
வந்த படம் எல்லாமே ஒவ்வொரு காலத்துல உண்மையான கொடிதான். வரிசையாச் சொல்லுதேன்.

1950 ஜனவரி 26க்கு முன்னால வெள்ளைத் துணி, நடுவுல செயின்ட் ஜார்ஜ் சிலுவைங்கிற சிவப்புச் சிலுவை, மூலையில பிரிட்டிஷ் கொடியான யூனியன் ஜாக். குடியரசான அன்னைக்கு மூலையில மூவர்ணம் வந்துச்சு, சிலுவை அப்படியே நின்னுச்சு. 2001 ஆகஸ்ட் 15ல சிலுவையை எடுத்துட்டு கடற்படை முத்திரையை நீலத்துல போட்டாங்க. அங்கதான் சிக்கல். வெள்ளைத் துணி மேல நீல முத்திரை, பின்னால நீல வானம், கீழ நீலக் கடல். தூரத்துல இருந்து பாத்தா எதுவும் பிரிஞ்சு தெரியல. கப்பல் கொடியோட முதல் வேலையே அடையாளம் காட்டுறது. அது நடக்கலைன்னு 2004ல சிலுவை திரும்பி வந்துச்சு, சிலுவை கூடுற இடத்துல சிங்கமுகத் தேசியச் சின்னத்தோட. 2014ல அந்தச் சின்னத்துக்குக் கீழ 'சத்யமேவ ஜயதே' சேர்ந்துச்சு.

இப்ப உள்ளது 2022 செப்டம்பர் 2ல கொச்சியில விக்ராந்த் கப்பலைப் படையில சேர்த்த அன்னைக்கு வந்தது. சிலுவை கிடையாது. வெள்ளைத் துணி, மேல் மூலையில மூவர்ணம், பறக்குற பக்கம் கருநீல எண்கோணம், அதைச் சுத்தி ரெட்டைத் தங்கக் கரை. உள்ள நங்கூரத்து மேல தேசியச் சின்னம், கேடயம், 'சம் நோ வருண:' வாசகம். வருணன் நமக்கு நல்லது செய்யட்டும்னு பொருள், தைத்திரீய உபநிடதத்துல இருந்து எடுத்தது. எட்டு பக்கமும் எட்டுத் திசை. எண்கோண வடிவம் மராத்திய மன்னர் சிவாஜியோட முத்திரையில இருந்து வந்தது. 2001ல நீலம் தோத்துச்சு, 2022ல அதே நீலம் எப்படி நின்னுச்சுன்னு பாருங்க: மெல்லிய கோட்டுப் படமா இல்லாம கெட்டியான கருநீலப் பரப்பா போட்டு, தங்கக் கரை கட்டிட்டாங்க.

சரியான கொடியை அடிக்கடி ஏத்தி இறக்குற இடம் உங்களுக்கு ரொம்பக் கிட்டத்துலயே இருக்கு. விஜயநாராயணத்துல உள்ள ஐ.என்.எஸ். கட்டபொம்மன், 1990ல இருந்து நீர்மூழ்கிகளுக்கு மிகத்தாழ் அலைவரிசையில செய்தி அனுப்புற நிலையம். தண்ணியே இல்லாத பொட்டல்ல இருந்தாலும் 'ஐ.என்.எஸ்.', அதாவது இந்தியக் கடற்படைக் கப்பல்னு பேர் வச்சுப் படையில சேர்த்தாச்சுன்னா கடற்படைக் கணக்குல அது கப்பல்தான். அதனாலதான் கடற்படைக் கொடி அங்கயும் பறக்கும்.

மூலைக்கரைப்பட்டி:
சுதந்திரம் வாங்கி ஐம்பது வருஷம் வெள்ளைக்காரன் சிலுவையை எதுக்கு வச்சிருந்தாங்க?

வெள்ளைக்கொடி:
காமன்வெல்த் கடற்படைகள் பலதும் அந்த வெள்ளைக் கொடியைத்தான் வச்சிருந்தது. ஆஸ்திரேலியா 1967லயும் நியூசிலாந்து 1968லயும்தான் சொந்தக் கொடிக்கு மாறினாங்க. நம்ம கடற்படையே 1928லதான் அந்த வெள்ளைக் கொடிக்கான உரிமையை வாங்குச்சு, அதுவரைக்கும் நீலக் கொடிதான். அப்ப அது தகுதி உயர்ந்த அடையாளமா இருந்துச்சு. அந்தப் பழக்கம் லேசுல போகல.

கயத்தாறு காற்று:
விமானப்படைக்கும் இதே கதை உண்டு, வானத்துல. வெளிர்நீலத் துணி, மேல் மூலையில மூவர்ணம், கீழ்ப்பக்கம் வட்டம். அந்த வட்டத்துல நடுவுல காவி, அடுத்து வெள்ளை, வெளியே பச்சை. ரெண்டாம் உலகப்போர்ல பிரிட்டிஷ் வட்டத்தோட நடுவுல சிவப்பு இருந்துச்சு. ஜப்பான் விமானத்துலயும் சிவப்பு வட்டம். பர்மா பக்கம் நம்ம விமானத்தை நம்மாளே சுட்டுறக் கூடாதுன்னு சிவப்பையே எடுத்துட்டு ரெண்டு நீலத்துல வட்டம் போட்டாங்க. சுதந்திரத்துக்கு அப்புறம் கொஞ்ச காலம் வட்டத்துல அசோகச் சக்கரம் இருந்துச்சு. 1950ல மூவர்ண வட்டம் வந்துச்சு.

2023 அக்டோபர் 8ல, விமானப்படை நாளன்னைக்கு, பிரயாக்ராஜ்ல புதுக் கொடி வந்துச்சு. பழசுல இருந்து ஒரே வித்தியாசம்: வலது மேல் மூலையில விமானப்படை முத்திரை சேர்ந்திருக்கு. கடையில இன்னும் பழைய படத்தைத்தான் வச்சிருப்பான். வலது மேல் மூலை காலியா இருந்தா அது பழைய கொடி.

அம்பை செல்வி:
தரைப்படைக் கொடி லேசு: சிவப்புத் துணி, மேல் மூலையில மூவர்ணம், பறக்குற பக்கம் குறுக்கா ரெண்டு வாளும் அதுமேல சிங்கமுகமும். சிவப்புன்னா வீரர்கள் சிந்துன ரத்தம்னு ஒவ்வொரு கொடிநாள் மேடையிலயும் பேசுவாங்க. கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா அந்தச் சிவப்பு பிரிட்டிஷ் காலாட்படைக் கோட்டோட சிவப்பு, கிழக்கிந்தியக் கம்பெனிச் சிப்பாய்க்கும் அதே நிறம்தான். 1799ல கயத்தாறுல கட்டபொம்மனைத் தூக்குல போட்டது அந்தச் சிவப்புக் கோட்டுப் படை. இன்னைக்கு விஜயநாராயணத்துல அவர் பேர்லயே படைத்தளம்.

வரிசை கேட்டீங்களே தம்பி. நம்ம நாட்டுல தரைப்படை, கடற்படை, விமானப்படை. சிவப்பு, கருநீலம், வெளிர்நீலம். பிரிட்டன்ல மூணு படைக்கும் சேர்ந்த கொடியில கருநீலம் முதல்ல வரும், அங்க கடற்படைதான் மூத்தது. இணையத்துல இருந்து படம் எடுத்தா அவங்க கொடியை நம்ம கொடின்னு அச்சடிச்சிருவாங்க, கவனிச்சுக்கோங்க.

இன்னொரு குழப்பமும் வரும், அதையும் இங்கயே சொல்லிடுதேன். படைப்பிரிவுக்கு ஜனாதிபதி கையால தார 'நிஷான்' வேற, வாசல்ல பறக்குற படைக்கொடி வேற. நிஷான் கம்பத்துல கட்டிப் பறக்க விடுறதில்லை. அணிவகுப்புல கையில பிடிச்சு வருவாங்க, எல்லாரும் அதுக்கு வணக்கம் வைப்பாங்க, பட்டாலியன் போரிட்டு வாங்கின விருதுகள் அதுல இழைச்சிருக்கும். பீரங்கிப் படைக்கு நிஷானே கிடையாது, பீரங்கிதான் அவங்களுக்கு நிஷான். அரசர் பேர்ல இருந்த பழைய நிஷான்களை 1950 நவம்பர் 23ல டேராடூன் ராணுவ அகாடமியில கொண்டுபோய் ஒப்படைச்சாங்க. புதுசா ஜனாதிபதி நிஷான் முதல்ல கிடைச்சது கடற்படைக்கு, 1951 மே 27. விமானப்படைக்கு 1954 ஏப்ரல் 1.

நம்ம மெட்ராஸ் ரெஜிமென்ட்ல ஒரு விசேஷம் இருக்கு. அதோட முத்திரையில உள்ள யானை 1803ல அசாயேயில கம்பெனிப் படை மராத்தியரோட போட்ட சண்டையில இருந்து வந்தது. நம்ம மக்களையே அடக்குன சண்டைன்னு அசாயே, ஸ்ரீரங்கப்பட்டணம் மாதிரிப் பேர்களை இன்னைக்கு நிஷான்ல காட்டுறது இல்லை. பேர் போயிருச்சு, யானை மட்டும் நிக்குது.

பாளை வழக்காடி:
கொடியின் அழகைப் பேசிக்கொண்டே போகிறீர்கள். அவர் கேட்ட முக்கியமான கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை.

மூன்று படைக்கொடிகளிலும் சிங்கமுகச் சின்னம் இருக்கிறது. 2005ம் ஆண்டின் தேசியச் சின்னச் சட்டமும் 2007ம் ஆண்டு விதிகளும் அதைப் பாதுகாக்கின்றன. அரசு சார்ந்தது என்று பார்ப்பவர் நினைக்கும்படி அதையோ அதைப் போன்ற வடிவத்தையோ மத்திய அரசின் முன் அனுமதி இல்லாமல் பயன்படுத்தக் கூடாது. பதிவு செய்த சங்கமாக இருந்தாலும் நீங்கள் தனியார்தான். 'முன்னாள் படைவீரர் சங்கம்' என்ற பலகைக்குப் பக்கத்தில் படைக்கொடி பறந்தால் பார்ப்பவர் என்ன நினைப்பார் என்று யோசியுங்கள்.

இரண்டாவது, மூன்று கொடிகளின் மூலையிலும் மூவர்ணம் இருக்கிறது. பிளக்ஸ் கடையில் அச்சடித்து, இரண்டு மழையில் சாயம் போய், நுனி கிழிந்து தொங்கினால் அது 1971ம் ஆண்டின் தேசிய மரியாதை அவமதிப்புத் தடுப்புச் சட்டத்தின் வாசலில் போய் நிற்கும்.

மூன்றாவது, நீங்கள் போட்டிருக்கும் அமைப்பே தவறு. 2002 கொடிச் சட்டத்தொகுப்பின்படி தேசியக்கொடியைவிட உயரமாகவோ அதற்கு இணையாகப் பக்கத்திலோ வேறு கொடி வரக் கூடாது. ஒரே கம்பத்தில் இரண்டு கொடிகளும் கூடாது. பிற நாட்டுக் கொடிகளோடு ஏற்றுவதற்குத் தனி விதி உண்டு, அது இங்கே பொருந்தாது.

என் யோசனை: படைக்கொடியை விட்டுவிடுங்கள். சிவப்பு, கருநீலம், வெளிர்நீலம் மட்டும் உள்ள மூவண்ணப் பட்டைக் கொடி போதும். அதில் சின்னமும் இல்லை, மூவர்ணமும் இல்லை. கொடிநாளின் அடையாளமே அந்த மூன்று நிறங்கள்தான்.

மூலைக்கரைப்பட்டி:
ஊர்ல பாதி வண்டியில சிங்கமுகமும் வாளும் ஒட்டியிருக்குல்லா அண்ணாச்சி?

பாளை வழக்காடி:
ஒட்டியிருக்கிறது. அனுமதி ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள்.

அம்பை செல்வி:
வழக்காடி சொல்றது சரி. கொடிநாள் தொடங்கினப்பவே அது படைக்கொடி ஏத்துற நாளா இருக்கல. அதுக்கு முன்னால நவம்பர் 11ல காகிதப் பாப்பிப்பூ வித்து, முதல் உலகப்போர் வீரர்களுக்குக் காசு சேத்தாங்க. 1949 ஆகஸ்ட் 28ல பாதுகாப்பு அமைச்சர் தலைமையில இருந்த குழு டிசம்பர் 7ஐ முடிவு பண்ணுச்சு. பூவுக்குப் பதிலா சட்டையில குத்துற மூணு நிறக் குட்டிக் கொடி வந்துச்சு. வீரர்களோட குடும்பத்துக்கும் ஊனமுற்றவங்களுக்கும் முன்னாள் படைவீரர்களுக்கும் நிதி சேக்குறதுதான் அதோட நோக்கம். அதனால ஒண்ணு மறந்துறாதீங்க: குட்டிக் கொடியை நீங்களா அச்சடிச்சு உண்டியல் குலுக்காதீங்க. முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துல கொடுக்குற கொடியும் ரசீதும்தான் செல்லும்.

நாங்குனேரிக்காரன்:
நல்லாச் சொன்னீங்க. அப்ப பட்டைக் கொடிதான். சாலை ஓரமா சங்கத்துல இருந்து தள்ளி 12 கொடி, சின்னக் கம்பத்துல. தேசியக்கொடி மட்டும் சங்க வாசல்ல தனியா நிக்கட்டும். தச்சநல்லூர் அண்ணாச்சி எங்க? அளவு சொல்லுங்க.

தச்சநல்லூர் தையல்:
வந்துட்டேன். தச்ச பிறகு 900க்கு 600 மில்லிமீட்டர் வர்ற கணக்கு. 10 அல்லது 12 அடிக் கம்பத்துக்குப் போதும்.

பட்டையை நெட்டுவாக்குல வையுங்க. சிவப்பு கம்பத்தை ஒட்டி, கருநீலம் நடுவுல, வெளிர்நீலம் பறக்குற நுனியில. முதல் காரணம் சிவப்பு முன்னால வர்றது. ரெண்டாவது காரணம் காசு. கொடியில எப்பவும் முதல்ல கிழியறது பறக்குற நுனி. படுக்கைவாட்டுல பட்டை போட்டிருந்தா மூணு நிறமும் சேந்து கிழியும், மொத்தமா மாத்தணும். இப்படிப் போட்டா வெளிர்நீலத்தை மட்டும் பிரிச்சு மாத்திக்கிடலாம்.

வெட்டுற அளவு: உயரம் எல்லாத்துக்கும் 640. மேலயும் கீழயும் பத்து பத்தா ரெண்டு மடிப்பு, ஒவ்வொரு ஓரத்துக்கும் 20 போகும். அகலம் சிவப்பு 330, கருநீலம் 330, அதாவது 300 வெளியே தெரியும், ரெண்டு பக்கமும் 15 தையலுக்கு. வெளிர்நீலம் 355. ஒரு பக்கம் 15 தையலுக்கு, பறக்குற பக்கம் இருவது இருவதா ரெண்டு மடிப்பு மடிச்சு நாலு வரித் தையல். இந்த நாலு வரியை மறந்தா வாடைக் காத்துல ஒரே வாரத்துல நுனி நார்நாராத் தொங்கும். மூலை ரெண்டுலயும் உள்பக்கம் முக்கோணத் துண்டு வச்சுத் தைக்கணும்.

நிறமும் நிறமும் கூடுற இடத்துல சும்மா ஒரு தையல் போட்டு விடாதீங்க. ஒரு பக்கத்து ஓரத்தைப் பாதியா நறுக்கி, இன்னொரு பக்கத்து ஓரத்தால அதை மூடி மடிச்சு ரெண்டு வரி தைக்கணும், சட்டையில கைக்கு அடியில தைக்கிற மாதிரி. பின்பக்கமும் கொடிதானே, நூல் பிரிஞ்சு தெரியக் கூடாது.

நூல் பாலியஸ்டர்தான். பருத்தி நூல் மழையில சுருங்கி, தையல் ஓரம் சுருக்குச் சுருக்கா இழுத்துக்கிடும். ஒரு அங்குலத்துக்கு 8 முதல் 10 தையல். நெருக்கமாப் போட்டா பலம்னு நினைச்சு 14, 15 போடுதாங்க. ஊசி ஓட்டை வரிசையாச் சேந்து தபால்தலை மாதிரி அந்த இடத்துலயே கிழியும்.

கம்பத்துப் பக்கம் 80 மில்லி அகல கேன்வாஸ் பட்டையை ரெண்டா மடிச்சு, சிவப்போட ஓரத்தை உள்ள விட்டுத் தையுங்க. உள்ள கயிறு ஓடணும்னா கயிறை வச்சே தைக்கணும், அப்புறம் நுழைக்க முடியாது.

கடைசியா சாயம். டிசம்பர்ல நம்ம பக்கம் மழைக்காலம். சிவப்புத் துணியில ஒரு துண்டை வெந்நீர்ல அரை மணி நேரம் ஊறப்போட்டு, வெள்ளைத் துணிக்கு இடையில வச்சு இஸ்திரி போடுங்க. வெள்ளையில சிவப்பு ஏறினா அந்தத் துணி வேண்டாம், ஒரே மழையில கருநீலம் ஊதாவாப் போயிரும். சுத்தப் பருத்தின்னா ஊறவச்சுக் காயப்போட்ட பிறகுதான் வெட்டணும்.

கயத்தாறு காற்று:
கம்பத்துக்கும் கப்பிக்கும் நான் சொல்லுதேன். 12 அடிக் கம்பம்னா ரெண்டு அடிக்குக் குறையாம குழி, கான்கிரீட் போட்டு ஒரு வாரம் கொடி கட்டாதீங்க. கரிசல் மண்ணுன்னா இன்னும் அரை அடி சேத்துத் தோண்டுங்க, மழை பெஞ்சா அந்த மண்ணு உப்பும், காஞ்சா வெடிக்கும், கம்பம் சாயும். கப்பியில நைலான் கயிறு போடுங்க. கப்பிப் பள்ளத்தைவிடக் கயிறு தடிமன் கம்மியா இருந்தா பக்கவாட்டுல இறங்கி மாட்டிக்கிடும். விழாவுல கொடி பாதியில நிக்குறதுக்கு பெரும்பாலும் அதுதான் காரணம்.

20 அடிக் கம்பத்துக்கு தேசியக்கொடி 1350க்கு 900 அளவு எடுங்க. 1800க்கு 1200 அந்தக் கம்பத்துக்குப் பாரம், காத்துல கம்பம் ஆடும்.

முடிச்சு பத்தி நாலு வரி. மடிச்சுக் கட்டி மேல கொண்டுபோய் வச்சு, பேசுறவர் இழுத்ததும் விரியணும்னா உருவாஞ்சுருக்கு ஒண்ணே ஒண்ணுதான் போடணும். கயிறைக் கொடியைச் சுத்தி ஒரு சுத்து, அப்புறம் கண்ணியா மடிச்சுச் சொருகி விடணும். 'அவுந்துரக் கூடாதே'ன்னு ரெண்டு சுத்து சுத்திருவாங்க. இழுக்க இழுக்க அது இறுகும், நாலு பேர் சேந்து இழுத்தும் வராது, கூட்டம் அண்ணாந்து பாத்துக்கிட்டு நிக்கும். இன்னொண்ணு, ஏத்துற கயிறும் அவிழ்க்கிற கயிறும் ஒரே நிறத்துல இருந்தா விருந்தாளி தப்பான கயிறைத்தான் இழுப்பார். அவிழ்க்கிற கயிறு நுனியில சிவப்பு நூல் சுத்தி வையுங்க. உள்ள பூவிதழ் போடலாம், சட்டம் தடுக்கல. ஆனா ஒரு கைப்பிடிக்கு மேல வேண்டாம், ஈரப் பூ துணியோட ஒட்டிக்கிடும். முந்தின நாள் மூணு தடவை இழுத்துப் பாருங்க. காவி மேல வருதான்னு ஒவ்வொரு தடவையும் பாருங்க.

மேலப்பாளையம் மணி:
இடையில ஒரு சந்தேகம். அமெரிக்காவுல இருக்கிற சொந்தக்காரங்க தெருவுல ஜன்னல்ல சிவப்புக் கரை போட்ட வெள்ளைத் துணியில நீல நட்சத்திரம் தொங்குதாம். 'சேவைக் கொடி'ன்னு சொன்னாங்க. அதுவும் படைக்கொடியா?

அம்பை செல்வி:
அது படையோட கொடி இல்லை, வீட்டோட கொடி. 1917ல ஓஹியோ மாநிலத்து ராணுவ கேப்டன் ஒருத்தர், ரெண்டு மகன்கள் போர்ல இருந்தப்ப உருவாக்கினது. வீட்டுல எத்தனை பேர் படையில இருக்காங்களோ அத்தனை நீல நட்சத்திரம். ஒருத்தர் போர்ல இறந்தா அந்த நீலத்து மேலயே தங்க நட்சத்திரம், கொஞ்சம் சின்னதா, ஓரத்துல நீலம் தெரியுற மாதிரி வச்சுத் தைப்பாங்க. நீலத்தைப் பிரிச்சு எடுக்குறது இல்லை.

மேலப்பாளையம் மணி:
நல்ல வழக்கம் அக்கா. இதோட சேத்து இன்னொண்ணு: ஓய்வு பெற்ற படைவீரர் இறந்தா சங்கத்துல இருந்து மூவர்ணம் போர்த்தலாமா? எல்லா ஊர்லயும் போர்த்துதாங்க.

பாளை வழக்காடி:
கூடாது. அரசு மரியாதை, படை அல்லது துணைராணுவ மரியாதையோடு நடக்கும் இறுதிச் சடங்கில் மட்டுமே போர்த்தலாம். ஓய்வு பெற்றவர் என்பதால் அந்த உரிமை தானாக வந்துவிடாது. படை மரியாதை கிடைக்குமா என்பதை நல அலுவலகம் வழியாக உடனே கேட்டுவிடுங்கள். கிடைத்து, போர்த்தினால் காவி தலைப்பக்கம் வர வேண்டும். கொடியோடு எரிக்கவோ புதைக்கவோ கூடாது, முன்பே எடுத்துவிட வேண்டும். எடுத்ததை மடிக்கும் முறை: படுக்கையாக வைத்து, காவியையும் பச்சையையும் வெள்ளைக்கு அடியில் மடியுங்கள். பிறகு வெள்ளையை இரு பக்கமிருந்தும் மடித்து, சக்கரமும் காவி, பச்சையின் சிறு பகுதியும் மட்டும் மேலே தெரியும்படி வையுங்கள். இரு கையிலும் ஏந்திக் கொடுங்கள். அரைக்கம்பம் கேட்கிறவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன்: நேரே பாதியில் நிறுத்தக் கூடாது, உச்சிவரை ஏற்றிவிட்டுத்தான் பாதிக்கு இறக்க வேண்டும். மாலையில் இறக்கும்போதும் உச்சிக்கு ஏற்றிவிட்டு இறக்க வேண்டும்.

நாங்குனேரிக்காரன்:
எல்லாரும் சொன்னதைக் குறிச்சாச்சு. 12 கொடிக்கு ஒவ்வொரு நிறத்துலயும் ஒன்றரை மீட்டர் வாங்கலாம்னு இருக்கோம், 44 அங்குலப் பன்னா, அதாவது துணியோட அகலம். போதும்லா?

தச்சநல்லூர் தையல்:
போதாது தம்பி. 44 அங்குலம்னா 1118 மில்லி. 330 வீதம் மூணு துண்டு 990, வெளிர்நீலம் 355 வீதம் மூணு 1065. ரெண்டும் பன்னாவுக்குள்ள அடங்கும், நாலாவது துண்டு அடங்காது. 640 நீளத்துல மூணு கொடி, 12க்கு நாலு தடவை, 2 மீட்டர் 56 சென்டி. கோணல் வெட்டுக்குச் சேத்து ஒவ்வொரு நிறமும் 2.75 வாங்குங்க, சுத்தப் பருத்தின்னா சுருக்கத்துக்கு 3 மீட்டர். வெளிர்நீலத்துல மட்டும் எப்படியும் ஒரு மீட்டர் கூட எடுத்து வையுங்க, அடுத்த வருஷம் நுனி மாத்த அதே சாயத்துல துணி கிடைக்காது.